டெரிஜியம்: கண்ணில் வளரும் சிறகுச் சதை

மருத்துவர் எழுதும் சீட்டில் ‘டெரிஜியம்’ என்று இருக்கும். வீட்டில் ‘கண்ணுல சதை வளருது’ என்போம். வெண்விழியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு முக்கோணமாகத் தடித்து, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல் ஏறுவதுதான் இது. இளஞ்சிவப்பாக இருக்கும். அதன் மேல் ரத்தக் குழாய்கள் இழையிழையாக ஓடும். கூர்முனை பாப்பாவை, அதாவது கருவிழி நடுவில் தெரியும் கறுப்பு வட்டத்தை நோக்கி நிற்கும்.

கிரேக்கத்தில் ‘டெரிகியோன்’ என்றால் சின்னச் சிறகு. ஹெலிகாப்டர் என்ற சொல்லின் பின்பாதியும் அந்தச் சிறகுக் குடும்பம்தான். வடமொழியில் பழைய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை இந்த நோயை ‘அர்மம்’ என்கிறது. அதை ஐந்து வகையாகப் பிரித்து, கொக்கியால் தூக்கி அறுத்தெடுக்கவும் சொல்கிறது. அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் ‘அதிமாம்சம்’, அதாவது மிகைச் சதை. நம் வீட்டுப் பேச்சும் அதையேதான் சொல்கிறது. அதனால் தமிழில் ‘சிறகுச் சதை’ என்பதே என் தேர்வு. வடிவமும் தெரிகிறது, மக்கள் சொல்லும் விட்டுப்போகவில்லை.

இதன் பங்காளி, வெண்விழியில் மஞ்சளாகத் தடிக்கும் ‘பிங்குவெகுலா’. லத்தீனில் ‘பிங்குயிஸ்’ என்றால் கொழுப்பு. ஆனால் அது கொழுப்பே இல்லை. வெயிலில் சிதைந்த சவ்வு இழைகள். கருவிழி ஓரத்தோடு நின்றுவிடும். ‘மஞ்சள் திட்டு’ என்றால் போதும்.

கண்ணில் ‘பூ விழுவது’ கருவிழித் தழும்பு. ‘புரை’ உள்ளே லென்ஸ் மங்குவது. சிறகுச் சதை இரண்டும் இல்லை, புற்றும் இல்லை. ஆனால் சதை வேகமாகப் பெருத்தாலோ, கறுத்தாலோ, முண்டுமுண்டாகத் தெரிந்தாலோ உடனே காட்டிவிட வேண்டும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் இந்தச் சந்தேகத்துக்காகத்தான்.

முக்கியக் காரணம் புற ஊதாக் கதிர். தூசியும் காற்றும் கண்ணை உறுத்தி எரிச்சலைக் கூட்டும். சென்னை 13 டிகிரி வடக்கில், வெயில் ஓயாத கடற்கரையில் இருக்கிறது. காசிமேட்டில் படகேறுகிறவருக்கு வெயில் மேலிருந்தும் அடிக்கும், தண்ணீரில் பட்டும் திரும்பும். அகல விளிம்புத் தொப்பியும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் அவருக்குத் தொழில் கருவி மாதிரி அவசியம்.

சின்னதாக இருந்தால் கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்தே போதும். பாப்பாவை நெருங்கினாலோ, கருவிழியை இழுத்துப் பார்வையைக் கோணலாக்கினாலோ அறுவை சிகிச்சை. வெறுமனே வெட்டினால் அடிக்கடி திரும்ப வளரும். அதனால் அதே கண்ணின் மேலிமைக்கு அடியிலிருந்து சவ்வுத் துண்டெடுத்து அந்த இடத்தில் ஒட்டுகிறார்கள். அப்புறம் திரும்ப வளர்வது வெகுவாகக் குறைகிறது. 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி நகரத்திலேயே இருக்கிறது. அங்கே போய்க் காட்டலாம்.

தாய்ப்பாலோ இலைச்சாறோ விட்டால் இந்தச் சதை கரையாது, கிருமிதான் சேரும். அதைவிட எனக்குப் பயம், மருந்துக்கடையில் ‘சிவப்பு போக’ என்று கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் வலியில்லாமல் ஏறும். அதில் போன பார்வை திரும்பாது.