நின்ற தீட்டு திரும்பி வந்தால்

விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்களிடம், தீட்டு நின்று சில வருடம் கழித்து மறுபடி ரத்தம் பட்டால் காரணம் தயாராக இருக்கும்: உடம்புச் சூடு, சுமை தூக்கியது. வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவிட்டு மறுநாளும் மலையேறிவிடுவார்கள். மாதவிலக்கு நின்று 12 மாதம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும் அது பரிசோதிக்க வேண்டிய ரத்தம். காரணங்கள் பல. அவற்றில் அரிதான ஒன்று, ஹார்மோன் சுரக்கும் சினைப்பைக் கட்டி.

சினைப்பையில் தீக்கா என்ற செல்கள் ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோனைத் தயாரிக்கும். அந்தச் செல்களை ஒட்டியுள்ள கிரானுலோசா செல்கள் அந்த ஆண்ட்ரோஜனையே ஈஸ்ட்ரோஜன் எனும் பெண் ஹார்மோனாக மாற்றும். கிரானுலோசா செல்லில் கட்டி வந்தால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டளைக்குக் காத்திராமல் ஈஸ்ட்ரோஜன் ஊறிக்கொண்டே இருக்கும். முட்டை வெளிவராததால் ஈஸ்ட்ரோஜனை அடக்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இருக்காது. கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, தாறுமாறாக உதிரும். சிலருக்கு அங்கேயே புற்றுநோயும் தொடங்கும். அதனால்தான் ஸ்கேனில் உட்சவ்வு 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பயாப்ஸி (சதைத் துணுக்குச் சோதனை) எடுக்கிறார்கள். கர்ப்பப்பையைச் சுரண்டியதும் ரத்தம் நின்றுவிட்டது என்று சினைப்பையைப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய தவறு. ஊற்று அங்கேதான் இருக்கிறது. கிரானுலோசா செல்கள் சுரக்கும் இன்ஹிபின் பி ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை இதில் நன்றாக உதவும். மாதவிலக்கு நின்றவர்களுக்கு அந்த ஹார்மோன் ஏறக்குறைய இல்லாமல் போயிருக்க வேண்டும். இக்கட்டி 20 வருடம் கழித்தும் திரும்பலாம் என்பதால் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடக் கூடாது.

8 வயதுக்கு முன்பே மார்பு வளரும் சிறுமியிடமும் இதே கட்டியைத் தேட வேண்டும்.

சினைப்பையில் வரும் இன்னொரு கட்டியான செர்டோலி-லேடிக் கட்டி இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் 20, 30 வயதுகளில் வரும், சுரப்பது டெஸ்டோஸ்டிரோன் எனும் ஆண் ஹார்மோன். முதலில் மாதவிலக்கு குறைந்து நிற்கும், மார்பு சுருங்கும். பிறகு தாடையில் முடி, பரு, நெற்றியோர வழுக்கை, பெண்குறிக் காம்பு பெரிதாவது, குரல் தடிப்பது. நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓடியிலும் முடி முளைக்கும். ஆனால் அது வயதுக்கு வந்த நாளிலிருந்து மெல்ல மெல்ல வருவது. கட்டியோ சில மாதங்களில் ஆளையே மாற்றிவிடும். வித்தியாசம் வேகத்தில் இருக்கிறது. மஞ்சள் பூசியும் திரெடிங் செய்தும் மறைக்கும்போது தொலைவது அந்தத் தடயம்தான்.

டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் கட்டியைத் தேடியே ஆக வேண்டும். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் சுரக்கும் டிஹெச்இஏ-எஸ் என்ற ஹார்மோன் டெசிலிட்டருக்கு 700 மைக்ரோகிராமுக்கு மேலே போனால் அந்தச் சுரப்பியையும் பார்க்க வேண்டும்.

கட்டியை எடுத்தபின் மாதவிலக்கு பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பும், முடியும் மெல்லக் குறையும். தடித்த குரல் நாண் மட்டும் பழையபடி மெலிவதில்லை. போனில் எடுத்தவுடன் "அண்ணே" என்று கூப்பிடுகிறார்கள் என ஒரு பெண் சொன்னால், அந்த வாரமே ரத்தப் பரிசோதனைக்கு எழுத வேண்டும்.