ஸ்ட்ரிங் உயரமாக இருந்தால் ட்ரஸ் ராடைத் திருகாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து என் பட்டறைக்கு ஒரு பேஸ் கிடார் வந்திருக்கிறது. கையால் செய்தது, நெக்கும் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) பாடியின் நடுப்பகுதியும் ஒரே மரம். நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருகும் நட்டின் அறுகோணக் குழி மழுங்கி வட்டமாகிவிட்டது, ஆலன் கீ பிடிக்கவே இல்லை. "ஸ்ட்ரிங் கொஞ்சம் உயரமா இருந்துச்சுங்ணா, இறக்கலாம்னு திருகினேன்" என்றார் கொண்டுவந்த தம்பி. சர்ச் குவயரில் வாசிப்பவர், பணம் சேர்த்து ஆசையாக வாங்கியது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே காரணத்துக்காக இப்படியே வாத்தியங்கள் வந்துகொண்டிருந்தால் எப்படி?

ட்ரஸ் ராட் ஸ்ட்ரிங் உயரத்தைக் குறைக்கும் திருகு இல்லை. 34 அங்குல ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) பேஸில் சுருதி சேர்த்ததும் நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து நெக்கை 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. அந்த இழுப்புக்கு நெக் வளைந்துவிடாமல் தாங்கத்தான் உள்ளே அந்தக் கம்பி. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை வாங்கியதும் இந்த வேலைக்குத்தான்.

குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா? நட்டை இறுக்கினால் நெக் நிமிரும், நடுப் ப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) ஸ்ட்ரிங் இறங்கியதுபோல் இருக்கும். "வேலை செய்யுதே" என்று இன்னும் ஒரு சுற்று. இப்போது முதல் ஐந்து ப்ரெட்டுகளில் கரகரவென்று சத்தம். அதை மறைக்க, பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜைத் தூக்குவார்கள். மறுபடி உயரம். மறுபடி ட்ரஸ் ராட். கடைசியில் நட் போகும், அல்லது ராடே முறியும்.

முதலில் பாருங்கள், அப்புறம் தொடுங்கள். சரியாகச் சுருதி சேர்த்து, முதல் ப்ரெட்டையும் கடைசி ப்ரெட்டையும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது, எட்டாவது ப்ரெட்டின் மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி, சுமார் 0.3 மில்லிமீட்டர், இருந்தால் நெக் நன்றாகவே இருக்கிறது. அப்படியும் ஸ்ட்ரிங் உயரமா? பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலுக்குத் திருகு இருக்கிறது, அதைத் திருகுங்கள். இடைவெளி மாறியிருந்தால் மட்டும் ட்ரஸ் ராடுக்கு வாருங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். கீயும் சரியான அளவாக இருக்கட்டும். 3/16 அங்குலக் குழிக்குள் 4.5 மில்லிமீட்டர் கீயும் போகும். போய், மூலைகளைத் தின்றுவிடும்.

தொழிற்சாலை பேஸில் நெக் பெரும்பாலும் ஸ்க்ரூவில் நிற்கும். கெட்டால் வேறு நெக் வாங்கி மாட்டலாம். நெக்கும் பாடியும் ஒன்றாக இழைத்த வாத்தியத்தில் அந்த வழியே கிடையாது. சூடு காட்டி, ப்ரெட் பதித்த பலகையான ப்ரெட்போர்டைப் பெயர்த்துத்தான் ராடை எடுக்க வேண்டும். ஒருவர் மாதக்கணக்கில் இழைத்ததைப் பிளக்கும்போது எனக்குக் கை வருவதில்லை.

நம் ஊருக்கே உள்ள தொல்லை ஒன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டத்தில் இருக்கிறது. கீழே சேலத்தில் சித்திரை வெயில். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் வேறு காற்று. மரம் ஈரத்தில் ஊறும், வறட்சியில் சுருங்கும். சுருங்கும்போது ப்ரெட் ஓரங்கள் கையைக் கீறும். நெக் சிலதில் முன்னால் வளையும், சிலதில் பின்னால். மலை இறங்கிய அன்றே ஆலன் கீயை எடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் பெட்டிக்குள் விட்டுவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். பெட்டிக்குள் ஈரப்பதமானி ஒன்று வையுங்கள். 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மலைக்குச் சரி, சேலம் கோடைக்கு வேண்டாம். வெயிலில் நிறுத்திய கார் டிக்கியில் பேஸை விட்டுவிட்டு ஏரியைச் சுற்றப் போகவே போகாதீர்கள்.

ப்ரெட்போர்டில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், அது சிக்குப் பிடிக்கும். ஈட்டி, கருங்காலி என்றால் மினரல் ஆயில் சில துளி, வருடத்துக்கு இரண்டு முறை போதும். லாக்கர் அடித்த மேப்பிளுக்கு ஈரத் துணி மட்டும். ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் 9 வோல்ட் பேட்டரி சும்மாவே தீரும்.

வாங்கும்போதே செய்தவரிடம் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: ட்ரஸ் ராட் நெக்கை ஒருபக்கம் மட்டும் வளைப்பதா இருபக்கமும் வளைப்பதா, கீ என்ன அளவு, மரத்தின் மேல் பூசியது எண்ணெயா லாக்கரா. சந்தேகமாக இருந்தால் அவருக்கே போன் போடுங்கள், இல்லை பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். கால் சுற்றுக்கு நான் காசு வாங்குவதில்லை.