டெப்த் ஹோர்: அடிநரையா, சர்க்கரைப் பனியா?

குளிர்காலம் தொடங்கும்போது மலைப்பகுதிகளில் வெளியாகும் பனிச்சரிவு முன்னறிவிப்புகளில் 'டெப்த் ஹோர்' என்ற சொல் அடிக்கடி வரும். பனியின் அடியில், தரையை ஒட்டி விளையும், ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களின் அடுக்கு அது. இதை 'ஆழ் உறைபனி' என்று தமிழாக்கத் தோன்றும். அது பொருந்தாது. காரணம் சொல்லில் இல்லை, பொருளில் இருக்கிறது.

பருவத்தின் முதல் பனி பெரும்பாலும் முழங்காலளவுகூட இருக்காது. அதன் அடிப்பகுதியைத் தரையின் வெப்பம் 0 டிகிரி செல்சியஸை ஒட்டியே வைத்திருக்கும். மேற்பரப்போ தெளிந்த வானமுள்ள நீண்ட இரவுகளில் மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கிவிடும். 10 செ.மீ. உயரத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வேறுபாடு வந்தாலே வேலை தொடங்கிவிடும். அடித்துகள்களிலிருந்து நீராவி எழுந்து, மேலே உள்ள குளிர்ந்த துகள்களில் நேரே பனிக்கட்டியாகப் படியும். பனி எவ்வளவு மெல்லியதோ, வேறுபாடு அவ்வளவு செங்குத்து. 'கொஞ்சம்தானே விழுந்திருக்கிறது' என்ற நினைப்பு தப்பாவது இங்கேதான்.

இதில் நீர் என்ற நிலையே இடையில் வருவதில்லை. உறைதல் என்றால் நீர்மம் திடமாவது. இங்கே நடப்பது படிதல். ஆகவே 'உறைபனி' வேண்டாம்.

'ஹோர்' என்பது பழைய ஆங்கிலத்தின் 'ஹார்'. நரைத்த, முதிர்ந்த என்று பொருள். புல்லின் மேல் வெளுத்துப் படிவதைக் கிழவனின் தாடியாகக் கண்டவர்கள் வைத்த பெயர். நம்மிடம் 'நரை' இருக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. அடியில் விளையும் நரை, 'அடிநரை'. பாடநூலுக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் இதுவே என் தேர்வு.

ஆனால் மலையில் நிற்பவருக்கு? பனியில் குழி தோண்டினால், மேலே மண்வெட்டி வெட்டிய சுவர் நேராக நிற்கும். தரையை ஒட்டிய அடுக்கு மட்டும் பொலபொலவென்று உதிரும். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாகாது, விரலிடுக்கில் ஒழுகிவிடும். உருப்பெருக்கியில் பார்த்தால் வரியோடிய, உட்குழிந்த கிண்ணப் படிகங்கள். சறுக்குபவர்கள் இதைச் 'சுகர் ஸ்னோ' என்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் 'ஷ்விம்ஷ்னே', அதாவது மிதக்கும் பனி என்கிறார்கள். எச்சரிக்கையில் எழுத எனக்குச் 'சர்க்கரைப் பனி'தான் பிடிக்கிறது. ஒட்டாது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ஒட்டாததுதான் வினை. அடுத்த பெரும்பொழிவும் காற்றும் இதன் மேல் இறுகிய அடுக்கொன்றைப் போடும். ஆங்கிலத்தில் 'ஸ்லாப்'. 'பனிப்பலகை' என்றால் காலில் மாட்டும் ஸ்னோபோர்டு என்று படிப்பார்கள், 'பனிப்பாளம்' தெளிவு. ஒருவர் எடை பட்டதும் அடிநரை நொறுங்கி, பாளம் 'வும்ஃப்' என்று அமுங்கும், விரிசல் ஓடும். சாய்வு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் பாளம் முழுதும் கழன்றுவிடும். மேட்டிலே ஏற வேண்டும் என்றுகூட இல்லை. அடிவாரச் சமதளத்தில் நடந்தாலும் மேலே அறுந்து வரலாம். பருவத் தொடக்கத்தில் பாறைகள் மூடப்பட்டிருக்காததால், சிறிய சரிவில் சிக்கினாலும் மோதியே சாகலாம்.

வட அரைக்கோளத்தில் முதல் பனி உருகாமல் தங்குவது வெயில் படாத, வடக்குப் பார்த்த உயரங்களில். சறுக்குபவர்கள் நல்ல பனி தேடிப் போவதும் அங்கேதான். கடலிலிருந்து விலகி, குளிரும் வறட்சியும் மிக்க அமெரிக்காவின் கொலராடோ மலைகள் அடிநரைக்குப் பேர்போனவை. அது ஒருமுறை உருவானால் வாரக்கணக்கில், சில ஆண்டுகளில் பருவம் முழுதும்கூடத் தங்கும்.

'பனிச்சரிவு' பற்றியும் ஒன்று. 'சரிவு' என்பது சரியும் செயலுக்கும் சாய்ந்த நிலத்துக்கும் பொது. 'பனிச்சரிவில் இறங்கினர்' என்று எழுதினால் குழப்பம்தான். நிலத்துக்குச் 'சாய்வு', நிகழ்வுக்குச் 'சரிவு' என்று பிரித்துக்கொண்டால் எச்சரிக்கை இப்படி அமையும்: 'வடக்குப் பார்த்த சாய்வுகளில் தரையோரம் சர்க்கரைப் பனி, மேலே புதுப் பாளம். 30 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். மேலே செங்குத்தான சாய்வு இருந்தால் அதன் அடியிலும் நிற்க வேண்டாம்.'