சேலம் – பெங்களூரு: இருபது நிமிடத் தூரத்துக்கு ஏன் ஒரு மணி நேரம்?

தருமபுரிக்காரர்கள் விமானம் ஏற வேண்டுமென்றால் தெற்கே காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்துக்குப் போகலாம், இல்லையென்றால் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு கெம்பேகவுடா நிலையத்துக்குப் போகலாம். இந்த இரண்டுக்கும் நடுவே ஏடிஆர் ரகச் சிறிய விமானங்கள் பறந்திருக்கின்றன. பயண நேரம் ஏறக்குறைய ஒரு மணி என்று அட்டவணை சொல்லும். தூரத்தை வேகத்தால் வகுத்தாலோ இருபது நிமிடம்தான் வருகிறது.

வகுத்துத்தான் பார்ப்போமே. பெங்களூரு நிலையம் சேலத்துக்கு 1.4 பாகை வடக்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால் சுமார் 157 கி.மீ. மேற்கே 39 கி.மீ. தள்ளி இருக்கிறது. பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டால் 162 கி.மீ. ஏடிஆர் 72 மணிக்கு 500 கி.மீ. வரை போகும். ஆக, இருபது நிமிடம்கூட ஆகக் கூடாது.

சாலையில் போனால் கதை வேறு. தொப்பூர் ஏறி, தருமபுரி தாண்டி, கிருஷ்ணகிரியில் முழங்கை மடக்கியதுபோல மேற்கே திரும்பி ஓசூர் போக வேண்டும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது கிருஷ்ணகிரிப் பக்கமே போகாது. தருமபுரிக்கும் பென்னாகரத்துக்கும் இடையே நுழைந்து, மாரண்டஹள்ளிக்கு மேற்கே போய், ஓசூரை ஒட்டிக் கடந்துவிடும்.

சரி, மீதி நேரம் எங்கே போகிறது? அட்டவணை நேரம் என்பது விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் முழுதாக நிற்கும் வரைக்குமான கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறை வரும் வரை காத்திருப்பது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதில் சேர்த்தி. கொஞ்சம் தாமதமானாலும் ஈடுகட்ட நிறுவனங்கள் சில நிமிடம் கூட்டியும் போடுவார்கள்.

காற்றைப் பலரும் பெரிதாகச் சொல்வார்கள். இந்தத் தூரத்தில் 40 கி.மீ. எதிர்க்காற்று அடித்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழப்பு இல்லை. காற்றின் திசைதான் முக்கியம், ஏனென்றால் விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். பெங்களூரு ஓடுபாதைகள் கிழக்கு மேற்காகக் கிடக்கின்றன. தெற்கிலிருந்து வருகிற விமானம் எப்படியும் திரும்பித்தான் ஆக வேண்டும். சேலத்திலோ தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி இறங்கச் சொன்னால், வடக்கிலிருந்து வந்த விமானம் நிலையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும். கிழக்கே சேர்வராயன் மலை இருக்கிறது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, 500 கி.மீ. வேகம் வழி முழுக்க வருவதில்லை. ஏறும்போது வேகம் குறைவு, இறங்கும்போதும் குறைக்க வேண்டும். தொப்பூர் இறக்கத்தில் லாரி ஓட்டுநர் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுவார் அல்லவா, விமானிக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும். ஒரு கடல் மைல் 1.85 கி.மீ. விமானம் 13,000 அடியில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேலம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. 12,000 அடி இறங்க 36 கடல் மைல், அதாவது 67 கி.மீ. தேவை. கோட்டில் அளந்தால் அது மாரண்டஹள்ளிக்கு நேரே வருகிறது. தக்காளித் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதே அது இறங்கத் தொடங்கியிருக்கும்.

பெங்களூரு நிலையம் இருப்பது 3,000 அடி உயரத்தில். அதனால் சேலத்திலிருந்து போகும்போது இறங்க 55 கி.மீ. போதும். அந்த இறக்கம் ஓசூருக்கு மேலே தொடங்கும்.