ஒரு முழ உயரம்

காட்பாடி சந்திப்பில் ரயிலிலிருந்து இறங்குவோரில், வேலூர் சிஎம்சி மருத்துவமனையை நாடி வெகுதொலைவிலிருந்து வருபவர்கள் பலர். சக்கர நாற்காலியின்றி நகர முடியாதவர்களும் அவர்களில் உண்டு. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட பின்னரும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ், 1966இல் வேலூரின் பாகாயம் பகுதியில் மறுவாழ்வு மையத்தைத் தோற்றுவித்த ஊர் இது. ஆகவே நடைமேடைக்கும் ரயில் பெட்டிக்கும் இடையிலான உயர வேறுபாட்டை நாம் மற்ற ஊர்களைவிடக் கூர்ந்து கவனிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றே கருதுகிறேன்.

அகலப் பாதையில் உயர்மட்ட நடைமேடை, தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் அமைகிறது. பெட்டியின் தளமோ வெறுமையாக இருக்கையில் 1,345 மி.மீ.க்கு மிகாமலும், முழுச் சுமையில் 1,145 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது ரயில்வேயின் அளவு விதி. கழித்துப் பார்த்தால் இடைவெளி 305 முதல் 585 மி.மீ. வரை, அதாவது ஏறத்தாழ ஒரு முழம். நடப்பவர் வாசற்படியில் கால் வைத்து ஏறிவிடுகிறார். சக்கர நாற்காலியில் இருப்பவரை இருவர் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது.

சாய்தளம் போட்டால் ஆகாதா என்று தோன்றும். ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான வழக்கமான கணக்கு. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ எனில், அந்தச் சரிவில் பின்னோக்கி இழுக்கும் விசை 7.5 கிலோ எடைக்குச் சமம். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் அது 11 கிலோவைத் தாண்டிவிடும், நோயில் தளர்ந்த கைகளால் அதைத் தள்ள இயலாது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒரு முழத்துக்கு ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான பலகை தேவைப்படும். வண்டி நிற்கும் சில நிமிடங்களில், நெரிசலுக்கு நடுவே அதை விரித்து மடக்குவது எளிதன்று.

நடைமேடையையே உயர்த்திவிடவும் முடியாது. ஒரே தண்டவாளத்தில் சரக்கு வண்டி, விரைவு வண்டி, மெமு எனும் குறுந்தொலைவு மின்ரயில் எனப் பலவகை வண்டிகள் ஓடுகின்றன. அவை எல்லாம் உரசாமல் கடக்க இடம் விட்டாக வேண்டும். வளைவான நடைமேடையில் பக்கவாட்டு இடைவெளியும் கூடும், ஏனெனில் பெட்டி வளையாது.

2015இல் தொடங்கிய சென்னை மெட்ரோவில் ஒரே வகை ரயில் மட்டுமே ஓடுவதால், நடைமேடையைப் பெட்டித் தளத்துக்கு இணையாகக் கட்ட முடிந்தது. ஆனாலும் ஆட்கள் ஏற ஏறப் பெட்டி தாழுமே? அங்கேதான் பெட்டியைத் தாங்கும் காற்று வில்கள், அதாவது காற்றடைத்த ரப்பர் பைகள், உதவுகின்றன. சுமை கூடித் தளம் சற்று இறங்கினால், அதனோடு இணைந்த நெம்புகோல் ஒரு வால்வைத் திறக்க, வில்லுக்குள் கூடுதல் காற்று புகுந்து தளத்தைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுகிறது. கூட்டம் இறங்கியதும் அந்தக் காற்று வெளியேறுகிறது.

பார்வையற்றோருக்கு நடைமேடையின் விளிம்பை உணர்த்துபவை, ஜப்பானியரான செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கிய புடைப்புக் கற்கள். நீள வரிகள் வழிகாட்டும். புள்ளிகள் நிற்கச் சொல்லும்.

காட்பாடியில் இருவர் தூக்கி ஏற்றிய ஒருவர், சென்னை சென்ட்ரலில் இறங்கி மின்தூக்கி வழியாக மெட்ரோ நடைமேடையை அடைந்தால், அங்கே தம் கைகளாலேயே சக்கரத்தை உருட்டிப் பெட்டிக்குள் போய்விடுகிறார்.