பானையில் புளிப்பதும் குடலில் புளிப்பதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி மாதம் என்பது குளிர்காலம். அதனால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள் நெருங்கினால், அங்குள்ள சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் ஆயா மாவுப் பானையைக் கம்பளியால் சுற்றி வைப்பார். கேழ்வரகு கிடைக்காத ஊர். மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவுதான். தண்ணீரில் கரைத்து மூடி வைத்தால் மறுநாள் காலையில் மேலே சின்னச் சின்னக் குமிழிகள், மூக்கில் ஏறும் புளிப்பு வாசனை. குமிழி வராவிட்டால், "இன்னும் தூங்குது" என்று சொல்லிக் கம்பளியை மறுபடி இறுக்கிக் கட்டுவார்.

தூங்குவது எது என்று அப்போது எனக்குத் தெரியாது. லாக்டிக் அமில பாக்டீரியா அது. மாவோடு வந்தவை, பானையிலும் கையிலும் ஒட்டியிருந்தவை. ஜூலு மக்கள் குடிக்கும் அமஹேவு புளிப்பதும் இவற்றால்தான். நம் ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒரு பானை உண்டு. அதுதான் பெருங்குடல்.

வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் கணக்கிட்டார்கள். நம் சொந்த செல்களோ சுமார் 30 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாவையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவுக்குத்தான் வரும். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது.

பிறக்கும் நேரம்வரை குழந்தையின் குடல் கிட்டத்தட்ட காலி வீடு. பிரசவத்தின்போதே தாயிடமிருந்து முதல் குடிகள் வந்துவிடுகின்றன. சிசேரியனில் பிறந்த குழந்தைக்குத் தாயின் குடல் பாக்டீரியா குறைவாகவும், மருத்துவமனைச் சூழலில் இருப்பவை கூடுதலாகவும் கிடைக்கின்றன. எப்படிப் பிறந்தாலும் அடுத்து நடப்பது அழகான ஒரு வேலை. பிறந்த புதிதில் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கத் தெரிந்த ஈ. கோலை போன்றவை முதலில் வந்து, அந்த ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. அப்புறம்தான் ஆக்சிஜன் பட்டாலே தாங்காத பிஃபிடோபாக்டீரியம் போன்றவை பெருக முடியும். காடு திருத்தியவர் ஒருவர், குடியேறிப் பயிர் செய்பவர் வேறொருவர்.

தாய்ப்பாலின் கதை இன்னும் வியப்பானது. லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்தபடியாக அதில் அதிகம் இருப்பது ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரைகள். குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது! அவை பெருங்குடல்வரை அப்படியே போய் பிஃபிடோபாக்டீரியத்துக்கு உணவாகின்றன. குழந்தைக்குப் பால் கொடுக்கும் தாய், அந்தக் குழந்தைக்குள் இருக்கிற குடிகளுக்கும் சேர்த்தே சோறு போடுகிறாள். திட உணவு தொடங்கியதும் புதிய இனங்கள் வந்து சேரும். மூன்று வயது வாக்கில் குடலின் கூட்டம் பெரியவர்களுடையதைப் போல ஆகிவிடும்.

அதன் பிறகு அந்தக் கூட்டம் எளிதில் மாறுவதில்லை. அமெரிக்காவில் 37 பேரை ஐந்தாண்டுகள்வரை கவனித்ததில், ஒருவர் குடலில் இருந்த பாக்டீரியா வகைகளில் சுமார் 60 சதவீதம் அப்படியே தங்கியிருந்தன. இடமும் உணவும் ஏற்கனவே பங்கு போடப்பட்டிருப்பதால் புதிதாக வரும் கிருமிக்கு அங்கே வேரூன்ற வழியில்லை. ஆன்டிபயாட்டிக் மருந்து இந்தக் கட்டுப்பாட்டைக் குலைக்கும். டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு நான்கு நாள் வீரியமான மருந்துகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை மாதத்தில் பெரும்பாலும் பழைய நிலை திரும்பியது. ஆனால் ஆறு மாதம் கழித்தும் ஒன்பது இனங்கள் கண்ணில் படவில்லை. தேவையில்லாத சளிக்கெல்லாம் அந்த மாத்திரையைக் கேட்டு வாங்குவதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும்.

குடிகள் மாறாவிட்டாலும் அவை செய்யும் வேலை மாறும். இதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில்தான் நடந்தது. 2015-ல் வெளிவந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பெருங்குடல் புற்றுநோய் அதிகம். இங்கே கிராமத்து ஆப்பிரிக்கர்களிடம் அது மிக அரிது. ஏன்? இரு பக்கமும் தலா 20 பேரை எடுத்து, இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றினார்கள். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளம், பயறு என்று நாளுக்குச் சுமார் 55 கிராம் நார்ச்சத்து. நம் கிராமத்தாருக்குக் கொழுப்பு மிகுந்த அமெரிக்கச் சாப்பாடு. நார்ச்சத்து 12 கிராம்தான்.

இரண்டே வாரம். அமெரிக்கர்களின் குடலில் பியூட்டிரேட் உற்பத்தி இரண்டரை மடங்கானது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியா தயாரிக்கும் சிறு அமிலம் இது. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு இதுதான் முதன்மை எரிபொருள். கிராமத்தார் குடலிலோ அது பாதியாகக் குறைந்தது. புற்றுநோயோடு தொடர்புள்ள பித்த அமிலங்கள் அவர்களிடம் ஏறின, அமெரிக்கர்களிடம் இறங்கின. குடலின் உட்சுவரில் அழற்சியின் அறிகுறிகளும் அதே திசையில் மாறின. 14 நாளில் புற்றுநோய் வருவதுமில்லை, போவதுமில்லை. ஆனால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது தெரிந்துவிட்டது. எனக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. வெள்ளை ரொட்டிக்கும் சிப்ஸுக்கும் பழகிவிட்ட டர்பன் வீடுகளில் சுகர் பீன்ஸ் கறி இன்னும் கொதிக்கிறது, பருப்பு இன்னும் வேகிறது. பெரிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

சரி, கூழில் உள்ள பாக்டீரியா குடலில் குடியேறுமா? பெரும்பாலும் இல்லை. பெரும்பகுதி மாவைக் காய்ச்சும்போதும் வயிற்று அமிலத்திலும் மடியும், தப்பியவை சில நாளில் வெளியேறிவிடும். பலன் வேறு இடத்தில் இருக்கிறது. பூசை முடிந்து மிஞ்சிய கூழை ஆயா இரவு முழுக்க ஆறவிடுவார். வெந்த மாவு ஆறும்போது அதன் ஸ்டார்ச்சில் ஒரு பங்கு மறுபடி இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. அது நேராகப் பெருங்குடலுக்குப் போகும். மறுநாள் அந்தக் கூழில் மோர் ஊற்றிக் கரைத்து, பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம் நாலைந்து வைப்பார். வெங்காயத்திலும் நம்மால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. தாய்ப்பாலில் வளர்ந்த அந்த பிஃபிடோபாக்டீரியத்துக்கு அதுவும் பிடித்த உணவு.