நீலகிரியில் படமெடுக்க எந்த மாதம் வரலாம்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மே மாதத்தையோ தீபாவளி விடுமுறையையோ மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நிலக்காட்சி எடுப்பதே தொழிலாகிப்போன எனக்கு ஒரே பதில்தான்: முதலில் மழை எந்தப் பக்கம் பெய்கிறது என்று பாருங்கள், லீவை அப்புறம் பார்க்கலாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அதே நாளில் கோத்தகிரியில் வெயில் அடித்தாலும் ஆச்சரியமில்லை. அக்டோபரில் காற்று திசை மாறியதும் குன்னூர், கோத்தகிரியின் முறை. மழையின் நடுவில் போய் நிற்பதைவிட, மேகம் முகடு தாண்டி இறங்கும் விளிம்பில் நின்றால் படம் கிடைக்கும். பனிமூட்டத்தின் வெள்ளையைக் கேமரா சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் (இரு மடங்கு) வரை ஏற்றுங்கள். லென்ஸின் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வெயிலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதை ஈர இலைகள்மேல் திருப்பிப் பார்க்க வேண்டும். பளபளப்பு போய் பச்சை தெரியும்.

ஆனால் இந்த மழை விளையாட்டல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். தெளிவாக ஓடிய ஓடை திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறினாலோ, சாலையோரம் புதிதாக வெடிப்பு தெரிந்தாலோ ட்ரைபாடை மடக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

வீடு திரும்பியதும் பையை அப்படியே பரணில் போடாதீர்கள். ஈரம் தங்கிய பைக்குள்தான் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். எல்லாவற்றையும் காற்றாட வைத்துவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

நவம்பரில் நீர்ப்பனி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. மேகமில்லாத, காற்றில்லாத இரவுக்குப் பிறகுதான் அது விழும். குளிர்ந்த காற்று கனமானது. பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால் தலைக்குந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் வெளுத்திருக்க, மேலே மேட்டில் ஒன்றுமே இருக்காது. வெயில் பட்டதும் கரைய ஆரம்பிக்கும், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் ஆட்கள் கூட்டமாகப் புல்லுக்குள் இறங்குகிறார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. உறைந்த புல்லை மிதித்தால் அது நொறுங்கும், அப்புறம் கருகி நிற்கும். காப்புக்காடாக இருந்தால் அனுமதியில்லாமல் நுழைவது குற்றமும்கூட. சாலையோரத்திலிருந்தே, தூரத்தை நெருக்கிக் காட்டும் 70-200 மி.மீ. லென்ஸில், சூரியன் எதிரே இருக்கும்படி எடுத்தால் காலடித் தடமில்லாத படம் கிடைக்கும். பேட்டரியை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். அறைக்குத் திரும்பியதும் கேமராவை வெளியே எடுக்க அவசரப்படாதீர்கள். பை மூடியபடியே சூடேறட்டும், இல்லையென்றால் உள்ளே நீர் கோக்கும்.

விடியலில் தனியாகப் போகவும் வேண்டாம். வ்யூஃபைண்டரில் கண் வைத்திருப்பவருக்குப் பின்னால் காட்டெருமை வந்து நிற்பது தெரியாது. கூட வருபவர் படமெடுக்காமல் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை புல் காய்ந்து தூரம் மங்கலாகத் தெரியும். அகன்ற காட்சிகளை விட்டுவிட்டுச் சோலைக்காட்டு ஓரத்துக்கு வாருங்கள், தளிர்கள் செம்பு நிறத்தில் இருக்கும். நெருப்புக்கும் இதுதான் காலம். தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தது 2018 மார்ச்சில். தீ எச்சரிக்கை இருக்கும் நாளில் குறுக்குப்பாதை காட்ட யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

கடைசியாக லொகேஷன் விஷயம். குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது; 2018-இல் பூத்த சரிவுகளுக்கு அடுத்த முறை 2030. பூத்த சரிவின் துல்லியமான இடத்தை நீங்கள் பதிவில் போட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே கார்கள் நிற்கும், பூவும் பறிபோகும். நான் மாவட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஃபோனில் எடுத்த படமென்றால் பகிரும் முன் அதிலுள்ள ஜி.பி.எஸ். தகவலையும் நீக்கிவிடுங்கள்.